ஜீப் ஏறும் மருந்துக்கடை

போடிநாயக்கனூரில் கோழி கூவும் முன்பே ஜீப் கூவிவிடும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப். தூக்குவாளி, மழைக்குப் போர்த்த பிளாஸ்டிக் தாள், காலில் ஏறும் அட்டைக்கு உப்புப் பொட்டலம் என்று ஆளுக்கொரு மூட்டை. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. போக்குவரத்து அதிகாரிகளும் பத்திரிகை படிக்கிறார்கள். அத்தனை நெருக்கடியிலும் டிரைவருக்கு நேர் பின்னால் ஓரிடம் மட்டும் காலியாகக் கிடக்கும். துண்டு போட்டுப் பிடித்த இடமல்ல. கொஞ்சம் பயம், கொஞ்சம் நன்றி, இரண்டும் சேர்ந்து ஒதுக்கி வைத்த இடம். மாத்திரைப் பெரியம்மா வந்து உட்காருவார். ஜீப் புறப்படும். புறநோயாளிகள் பிரிவும் திறந்துவிடும்.

இவர் ஒரே ஒருவர் அல்ல. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று மலையடிவாரம் நெடுக ஜீப்புக்கு ஒருவர் இருக்கிறார். சில ஜீப்பில் பெரியப்பாவாகவும் இருப்பார். ஆனால் பெரியப்பாக்கள் யோசனை சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். பெரியம்மாக்கள் மருந்தையே எடுத்து உள்ளங்கையில் வைத்துவிடுவார்கள். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சர்க்கரை, பிரஷர் இரண்டில் ஒன்றாவது சொந்தமாக உண்டு; அதுதான் அவர் வாங்கிய பட்டம். இடுப்பில் சுருக்குப் பை. ஒரு காலத்தில் பாக்குவெட்டியும் சுண்ணாம்பு டப்பாவும் குடியிருந்த அந்தப் பையில் இப்போது காய்ச்சல் மாத்திரை, கேஸ் மாத்திரை, சளி மாத்திரை, போன வருஷம் பாதியில் நின்ற ஆன்டிபயாடிக்கின் மிச்சம் மூன்று, யாருக்கு எழுதியது என்று யாருக்கும் ஞாபகமில்லாத மஞ்சள் மாத்திரை ஒன்று.

பெரியம்மாவுக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. சிக்கலே அதுதான். குழம்பு கூடுதலாக வைத்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகிறதல்லவா, மாத்திரையும் அப்படியே போகிறது. "எனக்கு ரெண்டே நாள்ல கேட்டுச்சு. நீயும் போடுத்தா." அவருடைய மருத்துவ நூல் இந்த இரண்டு வாக்கியத்தோடு முடிந்துவிடும்.

மருந்துகளுக்குள் அவர் ஒரு தரவரிசை வைத்திருக்கிறார். போடி ஜி.ஹெச். மாத்திரை கடைசிப் படி. நடந்து போய் வாங்கியது எப்படிக் கேட்கும்? க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாங்கியது நடுப்படி. மதுரைப் பெரியாஸ்பத்திரி மாத்திரைக்கு மேல்படி. அது பயணம் செய்து, வரிசையில் நின்று வாங்கியது. மூன்று இடத்துக்கும் மருந்து வாங்கிக் கொடுப்பது ஒரே நிறுவனம்தான். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்புகிறது. அதே கம்பெனி, அதே அட்டை. மேலே 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சட்டத்தைப் பெரியம்மா இதுவரை மீறியதில்லை. அவர் விற்பதில்லை, சும்மாதான் கொடுக்கிறார்.

அடையாளம் எல்லாம் நிறத்தில்தான். வெள்ளை என்றால் வலிக்கு, மஞ்சள் என்றால் சளிக்கு, ரோஸ் என்றால் ரத்தத்துக்கு. இத்தனைக்கும் அவருடைய கண் சாதாரணக் கண் அல்ல. தோட்டத்து வேலை இல்லாத நாளில் போடியில் காய் தரம் பிரிக்கப் போகிறவர். எட்டு மில்லிமீட்டர் காய் எது, ஏழு எது என்று சல்லடைக்கு முன்பே விரல் சொல்லிவிடும். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் நடக்கும் ஊர் இது. ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் விலை இறங்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கண் 5 மில்லிகிராமையும் 50 மில்லிகிராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் மங்கிவிடுகிறது. "ரெண்டும் வெள்ளைதானே, என்ன பெரிய வித்தியாசம்?" பதினெண்கீழ்க்கணக்கில் 'ஏலாதி' என்று ஒரு நூலுக்கே ஏலத்தின் பெயர். ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று பங்கு ஏறிக்கொண்டே போகும் ஒரு மருந்தின் பெயர் அது. அந்தக் காலத்து வைத்தியரும் அளந்துதான் போட்டிருக்கிறார், நிறம் பார்த்து அள்ளிப் போடவில்லை.

ஒரு விஷயத்தில் பெரியம்மாவின் நிறக் கணக்கு சரியாக வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு, வளரிளம் பருவத்தினருக்கு நீலம், சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் என்று உண்மையிலேயே நிறம் பிரித்திருக்கிறார்கள். ஆனால் சரியான நிறத்தை எடுத்துக்கொடுத்துவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே கவிழ்த்துவிடுவார். "வாந்தி வராம இருக்க டீயோட போட்டுக்க." தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. டீக்கும் மாத்திரைக்கும் ஒன்றிரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ என்றால் உதவி செய்யும். சூடான டீ இல்லாமல் மலையில் காலை இல்லை என்பதால் இந்த ஒரு பாடம் மட்டும் இன்னும் யார் தலையிலும் ஏறவில்லை.

பிறகு அந்தச் சிவப்புக் கோடு. அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடுமே, அது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்பதற்கு அடையாளம். மத்திய அரசு 2016இல் அதை விளக்கி ஒரு பிரசாரமே நடத்தியது. பெரியம்மாவின் விளக்கம் வேறு. பட்டுச் சேலைக்குக் கரை இருப்பதில்லையா? "கோடு போட்டதுன்னா ஒசத்தி. சும்மா காய்ச்சலுக்கு எடுத்துறாத, பெருசா வந்தா எடு." எது சும்மா, எது பெரிசு என்பதை அவரே முடிவு செய்வார். அதனால்தான் ஆன்டிபயாடிக் ஐந்து நாளுக்கு எழுதியிருந்தால் ரெண்டு நாள் உடம்புக்குள் போகும், மூன்று நாள் சுருக்குப் பைக்குள் போகும். 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாடிக்குகளை எச்1 என்ற தனிப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். எழுதிய டாக்டர் பேர், வாங்கியவர் பேர், எத்தனை என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் காப்பாற்ற வேண்டும். போடிமெட்டைத் தாண்டினால் கேரளம் இன்னும் கறார். 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்று பெயர் வைத்து, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனை போட்டார்கள். மெட்டுச் சோதனைச் சாவடியில் ஜீப்பை நிறுத்தி என்னவெல்லாமோ பார்க்கிறார்கள். சுருக்குப் பையை மட்டும் இதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை.

பெரியம்மாவுக்கு அடங்காத ஒரே நோயாளி டிரைவர்தான். ஒருநாள் அவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பெரியம்மா பின்னாலிருந்து கையை நீட்டினார்.

"இந்தா தம்பி, சின்ன மாத்திரைதான். கேணியே வத்திப்போகும்."

"வேணாம் பெரியம்மா. இத போட்டா தூக்கம் வரும். பதினேழு கொண்டை ஊசியிலயும் நீங்கள்லாம் தூங்கலாம், நான் தூங்க முடியாது."

டிரைவர் மருந்தியல் படித்தவரல்ல. ஆனால் சொன்னது சரி. பழைய சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின் கண்ணைச் சொக்க வைக்கும். செட்ரிசின் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் சிலருக்குத் தூக்கம் தரும். போட்டுவிட்டு வண்டி ஓட்டாதே, மரம் ஏறாதே, மெஷினில் கை வைக்காதே என்று சொல்வது இதனால்தான். அன்று டிரைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பூப்பாறை வரை ஓட்டினார். ராத்திரி வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு படுத்தார். ஜீப்பில் இருந்தவர்கள் இதை அவருடைய பிடிவாதத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அன்று ஜீப்பில் மருந்து விவரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

பின்சீட்டு மதினியின் கதை வேறு மாதிரி போனது. மதினிக்குப் பிரஷர், அம்லோடிபின் சாப்பிட்டு வந்தார். சிலருக்கு அந்த மருந்து கணுக்காலை வீங்க வைக்கும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், இல்லை வேறு மருந்துக்கு மாற்றுவார், அவ்வளவுதான். மதினி சொன்னது ஜீப்பில். "நீர் கோத்திருக்கு" என்று பெரியம்மா தன் வீட்டுக்காரருக்கு எழுதிய தண்ணி மாத்திரையில் ஒரு அரை அட்டை வெட்டிக் கொடுத்தார். பெரும்பாலான தண்ணி மாத்திரைகள் நீரோடு பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியேற்றும். நாலாம் நாள் ஏலச்செடிக்கு நடுவே குந்தி உட்கார்ந்து காய் எடுக்கும்போது மதினிக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. அதற்கு வலி மாத்திரை, டைக்ளோபினாக். வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், பிரஷர் மருந்தின் பலத்தைக் குறைக்கும், தண்ணி மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வயிற்றையும் அரிக்கும். வயிறு எரிகிறது என்றதும் கேஸ் மாத்திரை. பதினைந்து நாளில் மதினியின் கணக்கில் நாலு மாத்திரை. முதலாவது நோய்க்கு, மற்ற மூன்றும் முன்னால் போட்ட மாத்திரைக்கு. கடைசியில் பிரஷர் பார்த்தவர்கள் முன்பைவிட ஏறியிருக்கிறது என்றார்கள். "இந்தக் காலத்து மருந்தே சரியில்லத்தா" என்று பெரியம்மா முடித்து வைத்தார்.

சனிக்கிழமை சம்பளத்தன்று ஆண்களுக்குத் தனி ஆலோசனை: மாத்திரை போட்டவன் சாராயம் தொடாதே. வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் போட்டவர் சாராயம் தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடலைப் பிடுங்குகிற வாந்தி வரலாம் என்று மருந்தோடு வரும் தாளே எச்சரிக்கிறது. பெரியம்மா கொடுக்கிற ஆலோசனைகளில் இது ஒன்றுதான் நூற்றுக்கு நூறு சரி. ஜீப்பில் ஆண்கள் யாரும் கேட்காததும் இது ஒன்றைத்தான்.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்தால் விரதம். விரதத்தன்று சாப்பாடு கிடையாது, ஆனால் சர்க்கரை மாத்திரை உண்டு. சாமி காரியம் வேறு, டாக்டர் காரியம் வேறு என்று இரண்டையும் கலக்காமல் காப்பாற்றுவார் பெரியம்மா. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். வேர்வை, கைநடுக்கம், கண் இருட்டு, சம்பந்தமில்லாத பேச்சு. கூட்டத்தில் யாராவது இப்படித் தடுமாறினால் அருள் வந்துவிட்டது என்று கும்பிடுகிறவர்களும் உண்டு. சுயநினைவு இருக்கும்போதே வாயில் சர்க்கரையோ வெல்லமோ போட்டால் சில நிமிஷத்தில் ஆள் தெளிவார். சர்க்கரைக்காரர் இடுப்பில் எப்போதும் இருக்க வேண்டிய பொருள் சர்க்கரைதான் என்று சொன்னால் பெரியம்மா சிரிப்பார், நம்பமாட்டார்.

சிரிக்க முடியாத ஓரிடமும் இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு இருமினால் மூத்தவனுக்கு வாங்கிய பாட்டிலில் இருந்தே இளையவனுக்கும் ஒரு கரண்டி ஊற்றும் பழக்கம். எந்தக் கரண்டி என்பதற்குக் கணக்கில்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்துப் பார்த்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம். 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் பலி வாங்கிய மருந்திலும் இதே விஷம்தான் இருந்தது. தமிழ்நாடு அந்த மருந்துக்குத் தடை போட்டது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்தே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. விஷம் கலந்தது பெரியம்மாவின் குற்றமில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் ஜீப்பில் பாட்டில் பேச்சு வந்தபோதெல்லாம் அவர் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் அலமாரியில் இருந்த மூன்று பாட்டிலையும் எடுத்து ஓரமாக வைத்தாராம். மருமகள் சொன்னது.

அந்த வாரத்துக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்கு அப்பால் இருக்கும் மருந்தாளுநர் அம்மா சொன்னது அவர் காதில் ஏற ஆரம்பித்தது. மருந்தாளுநர் என்றால் எண்ணிக் கொடுப்பவர் மட்டும் அல்ல, எப்படிச் சாப்பிடுவது என்று நோயாளிக்கு விளக்கிச் சொல்லவும் கடமைப்பட்டவர் என்று 2015இல் வந்த மருந்தியல் நடைமுறை விதிகள் சொல்கின்றன. அந்த அம்மா விதியைப் படித்தாரோ இல்லையோ, ஒரு கேள்வியைக் கைவிட்டிருந்தார். 'புரிஞ்சுதா?' என்பதே அது. அந்தக் கேள்விக்குப் போடியில் யாரும் 'இல்லை' என்று சொன்னதில்லை; தலை தானாக ஆடும். அவர் வேறு மாதிரி கேட்டார்.

"வீட்டுக்குப் போயி மருமககிட்ட எப்படிச் சொல்வீங்க பெரியம்மா? எங்கிட்டச் சொல்லிக் காட்டுங்க."

"வெள்ளை காலைல. மஞ்சள் ராத்திரிக்கு. மிச்சம் இருக்குறது யாருக்காச்சும் வேணும்னா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கு வீட்டுல இருக்கற மாத்திரை அத்தனையும் ஒரு மஞ்சப்பைல போட்டுக் கொண்டுவாங்க" என்றார். வெளிநாட்டில் டாக்டர்கள் இதற்குக் காகிதப் பை கேட்பார்கள். நம்மிடம் 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று சொல்லிவிட்டதால் பைக்குப் பஞ்சமில்லை. பை வந்தது. கொட்டினால் மேஜை நிறைந்தது. நாலு பேருக்கு எழுதிய மருந்து. போன தீபாவளிக்குத் திறந்த கண் சொட்டு மருந்து. திறந்து நாலு வாரம் ஆனால் பெரும்பாலான சொட்டு மருந்துகளைத் தூக்கிப் போட வேண்டும். காய்ச்சலுக்கு ஒன்று, மேலுவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று மூன்று பெயரில் மூன்று அட்டை, மூன்றுக்குள்ளும் பாராசிட்டமால். ஒரே நாளில் மூன்றையும் வேளைக்கு வேளை போட்டால் பெரியவர்களுக்கான உச்ச வரம்பான 4 கிராமைச் சத்தமில்லாமல் தாண்டி ஈரலைத் தொட்டுவிடும். கத்தரிக்கோலால் வெட்டின துண்டுகள் பாதிக்கு மேல். தேதி அச்சிட்ட ஓரம் எந்தத் துண்டிலும் இல்லை.

"தேதி இல்லாத மாத்திரை, ஊர் பேர் இல்லாத கடுதாசி மாதிரி பெரியம்மா. யாருக்கும் குடுக்காதீங்க."

அடுத்துத்தான் அந்த அம்மா பலரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: "காலைல எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?" 'காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று சீட்டில் எழுதியிருந்தது. பெரியம்மா நாலரை மணிக்கு வீட்டில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு ஜீப் ஏறுகிறார். தூக்குவாளியைத் திறப்பது தோட்டத்தில், ஒன்பது மணிக்கு மேல். எட்டு மணிக்கு மேல் சரிவில் வேர்த்து, கால் பின்னுவதை இத்தனை காலமும் மலைக்காற்று என்று நினைத்திருந்தார். "கடியாரத்தப் பாக்காதீங்க. தூக்குவாளி மூடியத் திறக்கும்போது போடுங்க" என்று சொல்லி, மாத்திரைக் கவரில் சூரியனுக்குப் பதில் ஒரு தூக்குவாளி படம் வரைந்து கொடுத்தார். பெரியம்மா அந்தக் கவரை இன்னும் வைத்திருக்கிறார்.

திருந்திய பெரியம்மா பழைய பெரியம்மாவைவிடக் கஷ்டம் என்பது ஜீப்பில் பலருடைய கருத்து. முன்பு மாத்திரை கேட்டால் மாத்திரை கிடைத்தது. இப்போது விசாரணை. சாப்பிட்டியா? வேற என்ன மாத்திரை போடுற? மாசமா இருக்கியா? கலியாணமாகாத பெண்ணிடமும் அதைக் கேட்டு, ஐந்தாவது வளைவில் ஒரு சண்டை வந்து, எட்டாவது வளைவில் சமாதானமானது. எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொல்கிறார். டிரைவர் வாடகை ஏறிவிட்டது என்று சொன்னபோதும், "எவ்வளவு, எங்கிட்டச் சொல்லிக் காட்டு" என்றார்.

போன மாசம் ஒருநாள் ஜீப் பாதி மலை ஏறிய பிறகுதான் இடுப்பைத் தடவிப் பார்த்தார். சுருக்குப் பை வீட்டில். உள்ளேதான் பிரஷர் மாத்திரை. முகம் வாடிவிட்டது. பின்சீட்டு மதினி தன் பைக்குள் கைவிட்டுத் துழாவி, ஒரு துண்டு அட்டையை நீட்டினார்.

"இந்தாங்க பெரியம்மா. உங்களுது மாதிரியே வெள்ளைதான்."

பெரியம்மா கை நீட்டி வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேதி எங்கடி?"

"இல்ல."

"யாரு பேருக்கு எழுதினது?"

"தெரியல."

"எவ இப்படித் துண்டு போட்டுக் குடுத்தா உனக்கு? அறிவு வேணாம்?"

"நீங்கதான் பெரியம்மா."